25 என்று எழுதிய அட்டையின் பின்பக்கம்

பிரித்தானியாவில் ஆஃப் லைசென்ஸ் கடை (மதுவை வீட்டுக்கு வாங்கிப்போகும் கடை) நடத்தும் தமிழ் முதலாளிமாருக்கு,

வணக்கம்.

உங்கள் கடையில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். 25 வயதுக்குக் குறைந்தவர் போலத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்போம் என்று அதில் எழுதியிருக்கும். வாடிக்கையாளர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகக் கல்லாவின் முன்பக்கத்தில் ஒட்டியிருப்பீர்கள். கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைக்குத் தெரிவது அதன் முதுகு மட்டும். 2011 நவம்பரில் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து படிக்க வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்க விசா இடம் கொடுத்தது. கிழக்கு லண்டனில் ஒரு கடை, பெயர் வேண்டாம். லாட்டரி இயந்திரத்தை எப்படி இயக்குவது, பழைய ரொட்டியை முன்னால் தள்ளிப் புதியதைப் பின்னால் அடுக்குவது, பால் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று முதல் நாளே முதலாளி அண்ணன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனிதர். மதிய உணவு அவர் வீட்டிலிருந்துதான் வரும். மதுவைப் பற்றி மட்டும் ஒரே வாக்கியம்: "சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதே, தம்பி."

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வரிசையில் ஆறேழு பேர். ஒரு பெண் சைடர் என்ற ஆப்பிள் மதுப் பாட்டில் ஒன்றை மேசையில் வைத்தாள். கறுப்புக் கோட்டு, கழுத்தில் கம்பளித் துண்டு, கையில் பத்து பவுண்டு நோட்டு. நான் விலையைப் பார்த்தேன், நோட்டைப் பார்த்தேன், சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். அவள் முகத்தை நான் பார்த்ததாகவே நினைவில்லை. இரண்டு நிமிடத்தில் இருவர் உள்ளே வந்தார்கள். ஒருவர் போலீஸ் சீருடையில் இருந்தார். மற்றவர் கழுத்தில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) அட்டை தொங்கியது. அந்தப் பெண்ணுக்கு 16 வயதாம். சோதனைக் கொள்முதலுக்காக அனுப்பப்பட்டவள். "நீங்கள் வயதைக் கேட்டிருந்தால் அவள் உண்மையைத்தான் சொல்லியிருப்பாள்" என்றார் கவுன்சில்காரர், குரலை உயர்த்தாமல். நான் கேட்கவில்லையே.

80 பவுண்டு அபராதச் சீட்டு. அதில் இருந்தது கடையின் பெயர் அல்ல, என் பெயர். அன்றைய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 6.08 பவுண்டு, அந்தக் கணக்கில் பார்த்தாலும் 13 மணி நேரம் நின்ற காசு. இப்போது அந்தத் தொகை 90. காசு போனதைவிட, விசாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் இரண்டு நாள் தூங்கவில்லை. கட்டிவிட்டால் அது குற்றத் தீர்ப்பாகப் பதிவாகாது என்று பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லவும் ஆள் இல்லை. முதலாளி அண்ணன் கேட்டது இது ஒன்றுதான்: "முகத்தைப் பார்த்தால் தெரிய வேண்டாமா, தம்பி?"

இத்தனை வருடம் கழித்து ஏன் எழுதுகிறேன் என்றால், இன்று வேறொரு கடையில் உரிமப் பொறுப்பாளர் நான்தான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன் தாடி வைத்த பையனிடம் வோட்கா விற்கப் போனான். நான் எட்டிப் பார்த்துத் தடுத்தேன். தடுத்த கையோடு "முகத்தைப் பார்த்தால்..." என்று வாயெடுத்தேன். அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

முகத்தைப் பார்த்தால் தெரியாது, அண்ணன்மாரே. தமிழர்களான நமக்கு இதில் ஒரு வீண் நம்பிக்கை உண்டு. எதிரே வருகிறவரை அண்ணா என்பதா, தம்பி என்பதா, ஐயா என்பதா என்று வாயைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்து பழகியவர்கள் நாம். அந்தக் கணக்கு ஊரில் சரியாக வரும். தவறினாலும் ஒரு சிரிப்போடு போய்விடும். லிதுவேனியாக்காரர் முகத்திலும் சோமாலியர் முகத்திலும் வங்காளதேசத்துப் பையனின் தாடியிலும் அது பலிக்காது. 25 என்ற எண் வந்ததே இதற்காகத்தான். சட்டம் கேட்பது 18. கண் ஏழு வருடம் ஏமாறலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2011 அக்டோபரிலிருந்து அந்த 25 சட்டமே ஆகிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயதைச் சரிபார்க்கும் கொள்கை ஒன்று கடையில் இருக்க வேண்டும் என்பது 2010 முதல் கட்டாயம். 25 என்பது கடைகள் தாமாக ஏற்றுக்கொண்ட வழக்கம். ஆனால் உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளில் அது எழுதப்பட்டிருந்தால், அது உங்களைக் கட்டும். உரிமத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது உரிமத்தின் சுருக்கம்தான். நிபந்தனைகள் கோப்புக்குள் இருக்கும்.

2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு விற்றவரைப் பிடிக்கிறது. தப்புவதற்கு அது விடும் வாசலையும் பாருங்கள். 18 ஆகிவிட்டது என்று விற்றவர் நம்பியிருக்க வேண்டும். அதோடு, வயதுக்குச் சான்று கேட்டு, நியாயமான எவரையும் நம்பவைக்கும் சான்றை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். அல்லது அந்தத் தோற்றத்தைப் பார்த்து எவருக்குமே சந்தேகம் வந்திருக்காது என்று காட்ட வேண்டும். இரண்டாவதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது எத்தனை பாடு! முதலாவதற்குக் கல்லாவில் ஒரு கேள்வி போதும். நல்ல போலி அட்டையைக் கண்டுபிடிக்கத் தவறியவருக்குக்கூட வழி இருக்கிறது, கேட்காதவருக்குத்தான் இல்லை.

உங்கள் கல்லாவில் நிற்கும் மாணவன் எங்கிருந்து வருகிறான் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். எத்தனை பேருக்கு அந்த எண் தெரியும்? 2020 மே 7 அன்று, ஊரடங்குக்கு இடையே மதுக்கடைகள் திறந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் காலை 10 முதல் 1 மணி வரை, 40 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் 3 மணி வரை, 40-க்கு உட்பட்டவர்கள் 5 மணி வரை என்று அரசு நேரம் பிரித்துக் கொடுத்தது. 39-க்கும் 41-க்கும் வித்தியாசம் பார்க்க அன்று முடிந்திருக்கிறது. கூட்டத்தைப் பிரிப்பதற்காகப் பார்த்தார்கள். 20-க்கும் 21-க்கும் இடையில் அப்படி யாரும் பார்த்து, கடை வாசலில் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இளைஞன் ஒருவனையும் எனக்குத் தெரியாது. அந்த ஊரில் வளர்ந்தவனுக்கு, மது விற்பவர் வயது கேட்பார் என்பதே புதுச் செய்தி. அவன் மறக்கவில்லை. அப்படி ஒரு வழக்கத்தை அவன் பார்த்ததே இல்லை.

இலங்கையிலும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வயது 21. ஆனால் அங்கே மதுக்கடையின் மறுப்பு வயதோடு நின்றதில்லை. பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற 1979-ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி சிறிசேன அந்த நீக்கத்தை ரத்து செய்யச் சொன்னார். அட்டை பார்க்கத் தேவையில்லாத சோதனை அது.

இலங்கையில் போர்க்காலச் சோதனைச்சாவடிகளைக் கடந்து வந்த உங்களில் பலருக்கு ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்பதில் வேறொரு கூச்சம் இருப்பதை நான் அறிவேன். என் பழைய முதலாளி அண்ணன் ஒருமுறை, கடை அடைத்துத் தேநீர் குடிக்கும்போது சொன்னார்: "ஐசி காட்டு, ஐசி காட்டு என்று கேட்டே எங்களைப் பத்து இடத்தில் பஸ்ஸை விட்டு இறக்கி ஏற்றினார்கள், தம்பி. அந்த வார்த்தையை நான் இன்னொருவர் முகத்துக்கு நேரே சொல்வதா?" நான் பதில் பேசவில்லை. சோதனைச்சாவடியில் நின்றறியாதவன் அதற்கு என்ன பதில் சொல்வது? ஆனால் பிறகு யோசித்தேன். சாவடியில் அட்டையைக் கேட்டவன் கையில் துப்பாக்கி இருந்தது; கொடுத்தவர் கையில் ஒன்றும் இல்லை. கல்லாவில் நிலைமை தலைகீழ். கேட்கிறவன் பத்தொன்பது இருபது வயது மாணவன், விசா பயம் உள்ளவன், இரவு பத்து மணிக்குத் தனியாக நிற்கிறவன். கேள்வி கேட்கப்படுகிறவர் கத்தலாம், காறித் துப்பலாம், ரொட்டி அலமாரியைச் சாய்த்துவிட்டுப் போகலாம். வயது கேட்டதற்காகக் கடைப் பணியாளர்கள் வசை வாங்குவது இங்கே அன்றாடம். கடைப் பணியாளரைத் தாக்குவதையும் மிரட்டுவதையும் தனிக் குற்றமாக்கி ஸ்காட்லாந்து 2021-இல் சட்டம் கொண்டுவந்தது. வயதுக் கட்டுப்பாட்டை நிறைவேற்றும்போது அது நடந்தால் குற்றத்தின் கனம் கூடும் என்றும் அதில் எழுதினார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வாடிக்கையாளரும் ஊரிலிருந்து ஒரு கணக்கைக் கொண்டுவருகிறார். ஜெர்மனியில் 16 வயதில் பீரும் வைனும் வாங்கலாம், ஓட்காவுக்குத்தான் 18. அங்கிருந்து பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளை, ஊரில் வெளிப்படையாக வாங்கியதை இங்கே மறுத்தால் உண்மையிலேயே குழம்பிப்போகும். ஸ்வீடனில் அரசுக் கடையான சிஸ்டெம்போலாகெட்டில் வாங்க 20 ஆக வேண்டும், மதுக்கூடத்தில் உட்கார்ந்து குடிக்க 18 போதும். 25-க்குக் கீழே தெரிந்தால் அட்டை கேட்கும் வழக்கம் அங்கும் உண்டு. அதனால் ஸ்வீடன் பிள்ளைகள் நாம் கேட்பதற்கு முன்பே அட்டையை மேசையில் வைத்துவிடுவார்கள். ஜப்பானில் வயது 20. கன்வீனியன்ஸ் கடைகளில் திரையில் 'எனக்கு 20 வயது ஆகிவிட்டது' என்ற பொத்தானை வாங்குகிறவரே அழுத்த வேண்டும். எழுபது வயதுத் தாத்தாவும் அழுத்துவார். கேட்கிற சங்கடத்தை இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டார்கள், சாமர்த்தியம்தான்.

அமெரிக்கர்களிடம்தான் நான் ஒரு பாடம் கற்றேன். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில், மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை வெட்டுவோம் என்று சொல்லியே மத்திய அரசு எல்லா மாநிலங்களையும் வழிக்குக் கொண்டுவந்தது. அங்கே வாங்க முடியாத பிள்ளைகள் இங்கே 18-இல் வாங்கலாம் என்று துள்ளிக்கொண்டு வருவார்கள். 2025 கோடையில் ஒரு பெண் தன் மாநில ஓட்டுநர் உரிமத்தை நீட்டினாள். பிறந்த தேதி 11/04/2007. ஏப்ரலில் 18 முடிந்துவிட்டது என்று பாட்டிலைப் பைக்குள் வைக்கப் போனேன். அவர்கள் மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். அவள் பிறந்தது நவம்பர் 4. இன்னும் 17. அட்டை உண்மை, முகம் உண்மை, அவள் பொய் ஒன்றும் சொல்லவில்லை. வாசித்த நான்தான் தப்பு. பாஸ்போர்ட்டில் மாதம் எழுத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் அதைக் கேளுங்கள்.

இதைவிட அதிகமாக நடக்கும் தவறு வேறு. நம் ஊரில், கியர் இல்லாத சிறு வண்டியை விட்டுவிட்டால், லைசென்ஸ் என்றாலே 18. ஆகவே லைசென்ஸை நீட்டியதும் நம் பிள்ளைகள் தேதியையே பார்ப்பதில்லை. இங்கே பழகுநர் உரிமத்துக்கு 15 வயது 9 மாதத்திலேயே விண்ணப்பிக்கலாம். பச்சை நிறத்தில் இருக்கும். 17 வயதில் தேர்வில் தேறி ரோஜா நிற முழு உரிமமே வாங்கிவிடலாம். லைசென்ஸ் இருக்கிறது என்பதற்கு, வண்டி ஓட்டக் கற்கிறான் என்பதற்கு மேல் பொருள் இல்லை.

அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்றும் உரிம நிபந்தனை சொல்கிறது: புகைப்படம், பிறந்த தேதி, ஹோலோகிராம் அல்லது புற ஊதா ஒளியில் தெரியும் குறி. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பாஸ் (PASS) என்ற வயதுச் சான்றுத் திட்டத்தின் முத்திரையுள்ள அட்டை ஆகியவை வழக்கமானவை. பாஸ்போர்ட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்பார்கள். படத்துக்கு ஹோலோகிராம் மின்னாது. விரலால் அட்டையின் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஒட்டிய தாள் நகத்தில் மாட்டும்.

யாழ்ப்பாணத்து அண்ணன்மாருக்கு இது பிடிக்கும். உங்கள் பழைய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். பிரித்தானிய ஓட்டுநர் உரிம எண்ணிலும் கிட்டத்தட்ட அதே வித்தை இருக்கிறது. குடும்பப் பெயரின் ஐந்து எழுத்துக்குப் பிறகு வரும் ஆறு இலக்கங்களைப் பாருங்கள். 2007 மார்ச் 14-இல் பிறந்த பையனுக்கு 003147. பத்தாண்டின் இலக்கம் 0, மாதம் 03, நாள் 14, வருடத்தின் கடைசி இலக்கம் 7. அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு மாதத்தோடு 50 கூடி 053147. பிறந்த தேதியை மட்டும் சுரண்டி மாற்றுகிறவன் இந்த எண்ணை மாற்ற மறந்துவிடுவான். இதை ஒரு மாலை நேரத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போலச் சொல்லிக் கொடுங்கள். நான் சொல்லிக் கொடுத்த மாணவன் இப்போது தன் நண்பர்கள் அத்தனை பேரின் உரிமத்தையும் வாங்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இனி உங்களைப் பற்றி. கோபிக்கக் கூடாது.

மறுப்புப் பதிவேடு என்று ஒரு நோட்டு இருக்கும். யாருக்கு, எப்போது, எதை மறுத்தோம் என்று எழுதுவதற்கு. சில கடைகளில் அதைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்து மறுப்புகள், ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. ஆய்வு வரும் என்று கேள்விப்பட்ட இரவில் முதலாளியே உட்கார்ந்து எழுதியது. எழுதாத நோட்டைவிட அது ஆபத்து. அதிகாரிகளும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே!

இன்னொன்று, தெரிந்தவர் பிள்ளை. உங்கள் நண்பரின் மகள் வருகிறாள். பிறந்தநாள் விருந்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள். "அது நம் பிள்ளை, கொடு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பீர்கள். ஒருவேளை அவளுக்கு 19 ஆகியிருக்கலாம். கல்லாவில் நிற்பவன் அதிலிருந்து படிப்பது வேறு: முதலாளிக்குத் தெரிந்தவர் என்றால் கேட்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் ஒரு 16 வயதுப் பையன் "அங்கிளைத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டு வருவான். அபராதச் சீட்டில் அங்கிளின் பெயர் இருக்காது. ஆனால் மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை நடந்தால் உரிமம் வைத்திருப்பவர் மாட்டுவார். முதல் முறை ஒரு மாணவன், இரண்டாம் முறை வேறொருவன் என்றாலும் உங்கள் கணக்கில் அது இரண்டு. வழக்குக்குப் போகலாம், அல்லது 48 மணி நேரத்திலிருந்து 336 மணி நேரம் வரை மது விற்பனையை நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு வரலாம். 336 மணி நேரம் என்றால் 14 நாள். டிசம்பரில் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. புதிதாக ஒருவன் சேர்ந்தால், முதல் வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் நீங்கள் கல்லாவில் நில்லுங்கள். அவன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். முதலில் வரும் தெரிந்தவர் பிள்ளையிடம் நீங்களே அட்டை கேளுங்கள், அவன் காதுபட. நண்பர் கோபித்தால் அன்று இரவு தொலைபேசியில் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவன் ஒரு விற்பனையை மறுத்து, வாடிக்கையாளர் உங்களிடம் வந்து முறையிட்டால், தவறே ஆனாலும் அந்த இடத்தில் அவன் பக்கம் நில்லுங்கள். பிறகு உள்ளே கூப்பிட்டுத் திருத்துங்கள். எந்த நாளும் சொல்லிக் கொடுக்காமல் நிறுத்தியவனுக்கு அபராதம் வந்தால், அதை அவன் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். சொல்லிக் கொடுத்த பிறகும் கேட்காமல் விற்றான் என்றால் அது வேறு பேச்சு.

கேட்கும் வாக்கியத்தையும் அவனுக்கு எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறுகிறவன் தடுமாற்றத்துக்குப் பயந்தே கேட்காமல் விடுகிறான். நான் என் மாணவனுக்கு ஒரே வரி கொடுத்திருக்கிறேன், இடையில் ஒரு சிரிப்போடு. 30 வயதுக்காரரிடம் கேட்டுவிட்டால் பெரும்பாலும் அவர் மகிழ்ந்துதான் போகிறார்.

மறுப்புப் பதிவேட்டை அலமாரியில் பூட்டாமல் கல்லாவின் அருகிலேயே வையுங்கள். பேனாவைக் கயிற்றில் கட்டுங்கள். எங்கள் கடையில் இது நான்காவது பேனா.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு கல்லாக்காரன்